'புதிய பெற்றோர்' என்று எனக்குப் பெயர் சூட்டியது யார்?

கேள்வி: தோழியின் குழந்தைக்காக இரண்டு சட்டைகளும் ஒரு தொட்டில் விரிப்பும் இணையத்தில் வாங்கி அனுப்பினேன். அதன் பிறகு பால்புட்டி, தள்ளுவண்டி, குழந்தைக் காப்பீடு என்று விளம்பரங்கள் குவிகின்றன. கணக்கின் விளம்பர அமைப்புகளைத் திறந்து பார்த்தால், என்னைப் 'புதிய பெற்றோர்' என்று குறித்திருக்கிறார்கள். எனக்குக் குழந்தையே இல்லை. இந்தப் பெயர்களை யார், எப்படி வைக்கிறார்கள்? இதனால் எனக்குக் கெடுதல் ஏதும் உண்டா?

பதில்: உங்களைத் தனியே அறிந்து யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை. குழந்தைச் சட்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்து என்ன வாங்கினார்கள் என்ற கணக்கைக் கொண்டு, உங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். கூட்டத்தைப் பற்றிய ஊகம் ஓரளவு சரியாக இருந்தாலே விளம்பரதாரருக்கு லாபம்தான். அதில் ஒருவரைத் தவறாகச் சேர்த்தது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

இந்த வழக்கம் இணையத்துக்கு முந்தையது. அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆய்வு நிறுவனத்தில் ஆர்னால்டு மிட்செல் 1978-இல் உருவாக்கிய 'வால்ஸ்' முறை, வயதையும் வருமானத்தையும் மட்டும் பார்க்காமல், மக்களின் விழுமியங்களையும் வாழ்க்கை முறையையும் கேட்டறிந்து அவர்களைப் பிரித்தது. 1989-இல் திருத்தப்பட்டபோது அதில் எட்டுப் பிரிவுகள் இருந்தன; கையில் வசதி குறைந்த கடைசிப் பிரிவுக்குத் 'தத்தளிப்போர்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பிழைப்புக்கே போராடும் ஒரு மனிதரை விற்பனைப் பட்டியலில் அப்படி எழுதிவைப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

செலவுப் பழக்கத்தைக் கொண்டு பிரிப்பது இன்னும் எளிது. கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எத்தனை முறை வாங்கினீர்கள், மொத்தம் எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற மூன்று விவரங்கள் போதும். அடிக்கடி வந்துகொண்டிருந்தவர் சில மாதங்கள் வராவிட்டால், 'கைநழுவக்கூடியவர்' என்ற பிரிவுக்கு மாற்றி அவருக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவார்கள். தவறாமல் முழு விலை கொடுப்பவருக்குப் பெரும்பாலும் அது வராது.

கெடுதல் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பால்புட்டி விளம்பரத்தால் உங்களுக்குச் சலிப்புதான். ஆனால் பட்டியல் கைமாறும்போது நிலைமை வேறு. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் மக்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் ஒன்பது தரவுத் தரகு நிறுவனங்களை ஆராய்ந்து 2014 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 'மோட்டார் சைக்கிள் ஆர்வலர்' என்ற முத்திரையைப் பார்த்து வண்டிக் கடைக்காரர் தள்ளுபடி தரலாம்; அதே முத்திரையைப் பார்க்கும் காப்பீட்டு நிறுவனம், ஆபத்தான பழக்கமுள்ளவர் என்று முடிவுகட்டக்கூடும். படிப்பும் சொத்தும் குறைந்த 66 வயதுக்கு மேற்பட்ட தனியாள்களுக்கென ஒரு தனிப் பிரிவு இருந்ததையும் அந்த அறிக்கை பதிவு செய்தது. அப்படிப்பட்ட பட்டியல் ஏமாற்றுக்காரர் கையில் கிடைத்தால், யாருடைய கதவைத் தட்டுவது என்று அவர் தேடி அலைய வேண்டியதில்லை. என் கவலை உங்களைவிட அந்த முதியவர்களைப் பற்றியது.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அந்த விளம்பர அமைப்புகள் பக்கத்திலேயே முத்திரையை நீக்கும் வசதி இருந்தால் நீக்குங்கள். நீக்கிய பிறகும் விளம்பரம் அடியோடு நிற்காது, ஆனால் அந்த ஊகத்தை வைத்து வருபவை குறையும். பில் போடும் இடத்தில் கைப்பேசி எண் கேட்டால், பொருளை வாங்க அது தேவையா என்று கேட்டுவிட்டுத் தேவையில்லையெனில் மறுத்துவிடுங்கள். வெவ்வேறு கடைகளில் நீங்கள் வாங்கியவற்றை ஒரே ஆளுடையவை என்று இணைக்கும் கயிறு பெரும்பாலும் அந்த எண்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு, 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின்படி, நேரடி விளம்பரத்துக்குத் தம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாமென்று மறுக்கும் உரிமை இருக்கிறது. மறுத்தால் நிறுவனம் நிறுத்தியே ஆக வேண்டும். அடுத்த முறை பரிசுப் பொருள் தேடும்போது கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத் தேடுங்கள், வாங்கும் நேரத்தில் மட்டும் உள்ளே செல்லுங்கள். வாங்கியது பதிவாகும், ஆனால் நீங்கள் பார்த்த முப்பது தொட்டில்கள் உங்கள் பெயரில் சேரும் வாய்ப்பு குறையும்.