ஹொக்கி வாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், வேலையிடத்து மதிய உணவு மேசையில் மொன்றியல்காரர் ஒருவரும் சஸ்கச்சுவான்காரர் ஒருவரும் பின்லாந்துக்காரர் ஒருவரும் ஐஸ் ஹொக்கிப் பண்பாடு எங்கே வலுவானது என்று நாள்தோறும் வாதாடுகிறார்கள் என்றும், நீங்கள் எந்தப் பக்கம் நிற்பது என்றும் எழுதியிருந்தீர்கள். குளிருக்கு எந்த மேலங்கி நல்லது என்ற மற்றக் கேள்விக்குப் பக்கத்து வீட்டாரே பதில் சொல்லிவிடுவார்கள். முதற்கேள்விதான் என்னை முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது.

முதலில் ஓர் எச்சரிக்கை. கிண்ணங்களை எண்ணிக்கொண்டு அந்த மேசையில் உட்காராதீர்கள். வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் (NHL) வாகை சூடும் அணிக்குக் கிடைப்பது ஸ்ரான்லி கிண்ணம். மொன்றியல் கனேடியன்ஸ் அதை 24 முறை வென்ற அணி. ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் கடைசியாக வென்றது 1967இல். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் வாதம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கிண்ணத்தைக் கண்ணாலும் காணாத பேரப்பிள்ளைகள் இன்றும் லீவ்ஸ் அணியின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு இந்த நகரத்தில் திரிகிறார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெரிய லீக் ஆட்டத்துக்கு நாலு பேருள்ள குடும்பம் போய்வர ஆகும் செலவைப் பார்த்தபின், அரங்கு நிறைவதை வைத்து ஒரு பிரதேசத்தின் பற்றை அளப்பதையும் நான் விட்டுவிட்டேன்.

மொன்றியல்காரரை இலேசாக எண்ணிவிட வேண்டாம். உள்ளரங்கில் ஒழுங்குபடுத்தி ஆடப்பட்ட முதல் ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று அவருடைய நகரத்தில்தான் நடந்தது. 1955 மார்ச் மாதம் மொறிஸ் றிஷார் என்ற பிரெஞ்சு பேசும் கனேடியன்ஸ் வீரரை லீக்கின் தலைவர் அந்தப் பருவம் முடியும்வரை விலக்கி வைத்தபோது, பிரெஞ்சு பேசும் மக்கள் அதைத் தங்கள் முகத்தில் விழுந்த அறையாகவே எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஒரு விளையாட்டு வீரனுக்காக ஏன் அப்படி என்று பலர் கேட்பார்கள். மொழியின் பெயரால் ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அறிந்து வந்த நாம் கேட்க வேண்டியதில்லை.

நான் உணவகமொன்றில் கோப்பை கழுவிப் பிழைத்ததும் அந்த நகரத்தில்தான். 1993 ஜூன் 9 இரவு கனேடியன்ஸ் கிண்ணத்தை வென்றபோது நான் உணவகத்தின் பின்கதவால் வெளியேறிக்கொண்டிருந்தேன். சென் கத்தரின் தெருவில் கண்ணாடிகள் உடையும் ஓசை கேட்டது. கூட்டமும் கூச்சலும் ஒன்றாக வந்தால் ஒளிந்துகொள்ளப் பழகிய உடம்பு எனக்கு. சுவரோடு சுவராக நின்றுவிட்டேன். பக்கத்துப் படிக்கட்டில் முதியவர் ஒருவர் சிறு வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். அவர் பேசிய பிரெஞ்சில் அன்று எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதற்குப் பிறகு கனடாவின் எந்த அணியும் அந்தக் கிண்ணத்தை வெல்லவில்லை என்பதால் அந்த இரவு என் மனத்தில் இன்னும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஆனாலும் என் வாக்கு சஸ்கச்சுவானுக்குத்தான். அந்த மாகாணத்தில் பெரிய லீக் அணி ஒன்றுகூட இல்லை. ஹொக்கியின் மாபெரும் வீரர்களில் ஒருவரான கோர்டி ஹாவ் பிறந்து வளர்ந்த மண் அது. 1996இல் அங்குள்ள சஸ்கட்டூன் நகரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை கிடைத்துப் போனேன். அங்கே ஐஸ் அரங்குதான் ஊர். அரங்கின் சிற்றுண்டிச் சமையலறையைப் பெற்றோர் முறைவைத்து நடத்துவார்கள். திருமண விருந்து, இறந்தவர் வீட்டுக்கான நிதி, பள்ளிக்கூடச் செய்தி எல்லாம் அந்தச் சூப்புப் பானையைச் சுற்றித்தான் பேசப்படும். என் மகனை முதன்முதலாகக் கூட்டிச்சென்ற காலை, அவனுடைய ஸ்கேட்டிங் சப்பாத்தின் நாடாவை நான் சாதாரணச் சப்பாத்தைப் போலக் கட்டியிருந்ததைக் கண்ட ஒரு விவசாயி, ஒன்றும் சொல்லாமல் ஈரத் தரையில் முழங்காலிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்து, விரல்நுனியிலிருந்து ஒவ்வொரு துளையாக இறுக்கிக்கொண்டு வந்து, கணுக்காலில் இரண்டு முறை இழுத்து முடிந்தார். அடுத்த கிழமை நானே கட்டினேன். மூன்றாம் ஆண்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் நான்தான் கட்டிவிட்டேன்.

2018 ஏப்ரல் 6 அன்று சஸ்கச்சுவானின் ஹம்போல்ட் புரொங்கோஸ் என்ற இளையோர் ஹொக்கி அணி சென்ற பேருந்து பாரவூர்தியுடன் மோதி 16 பேர் இறந்தபோது நான் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டேன். நாடு முழுவதும் மக்கள் வாசலில் ஹொக்கி மட்டையைச் சாய்த்து வைத்தார்கள். என் மகனின் பழைய மட்டையும் எங்கள் வாசலில் நின்றது.

பின்லாந்துக்காரர் சொல்வதிலும் நியாயமுண்டு. ஐம்பத்தைந்து இலட்சம் பேர் கொண்ட நாடு 2022இல் ஒலிம்பிக் தங்கம் வென்றது பெரிய காரியம். ஆனால் நான் வாழாத ஊருக்குச் சாட்சி சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் மினசோட்டாவைப் பற்றியும் உங்கள் மேசையில் யாராவது பேச வேண்டும்; 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வீழ்த்திய அமெரிக்க அணியின் இருபது வீரர்களில் பன்னிருவர் அந்த மாநிலத்தவர்.

இன்னோர் எச்சரிக்கை நம்மவரைப் பற்றியது. இது வெள்ளைக்காரரின் விளையாட்டு, நமக்கெதற்கு என்று உங்களுக்குச் சொல்லப் பலர் வருவார்கள். இருபது ஆண்டு இங்கே இருந்தும், பக் எனப்படும் ஆட்டவட்டு ஐஸ் தரையின் நீல நிறக் கோட்டினைத் தாண்டும் முன் தாக்கும் அணி வீரன் தாண்டினால் நடுவர் ஏன் ஆட்டத்தை நிறுத்துகிறார் என்று ஒருநாளும் கேட்டறியாதவர்கள் அவர்கள். பஞ்சாபியர் 2008இலிருந்து தங்கள் மொழியிலேயே நேர்முக வர்ணனை கேட்கிறார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளையான பி.கே. சுபான் இதே ரொறன்ரோவில் வளர்ந்து, 2013இல் லீக்கின் சிறந்த தடுப்பு வீரர் விருதை வென்றார். செலவு அதிகம், விடியற்காலைப் பயிற்சி கடினம் என்பதெல்லாம் உண்மை. தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள், மற்றவற்றைப் பழையதாகவே வாங்கலாம்.

நாளை அந்த மேசையில் சஸ்கச்சுவான்காரரின் பக்கத்தில் உட்காருங்கள். அவரிடம் கிண்ணக் கணக்குக் கேட்க வேண்டாம். ஊர் அரங்கின் சமையலறையில் அவருடைய தாயாருக்கு எந்தக் கிழமை முறை இருந்தது என்று கேளுங்கள்.