ரோலர் ஸ்டார்ட்டரும் ஒரு மில்லி செக்கனும்

கேள்வி: ஐயா, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷனாக இருக்கிறேன். கொழுந்தை உருட்டும் ரோலர் மோட்டார் ஒன்றுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது). இரவு ஷிப்டில் ஸ்டார்ட் பண்ணும்போது மாதத்தில் இரண்டு மூன்று தடவை மெயின் பியூஸ் போகிறது. பகலில் பத்துத் தடவை போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. எந்தக் கொன்டாக்டர் (கொயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச்) எப்போது விடுகிறது, எது எப்போது பிடிக்கிறது என்று கணினி இல்லாமல் தானாகவே குறித்து வைக்கும் கருவி வேண்டும். கையில் 15,000 ரூபா இருக்கிறது. 24 மெகாஹெர்ட்ஸ் லொஜிக் அனலைசர் (சிக்னல் மாறும் நேரத்தைக் கணினியில் காட்டும் கருவி) வாங்கவா, ஆர்டுயினோ என்ற சின்னப் புரோகிராம் போர்ட் போதுமா?

பதில்: தம்பி, மெகாஹெர்ட்ஸை அப்புறம் பார்க்கலாம். எவ்வளவு நுணுக்கமான நேரம் வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. ஸ்டார் விட்ட பிறகுதான் டெல்டா பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நின்றால் மூன்று பேஸும் ஷோர்ட். அதற்காக டைமர்களில் பொதுவாக 50 மில்லி செக்கனை ஒட்டி ஓர் இடைவெளி விடுவார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 10 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை பூச்சியத்தைத் தொடும். ஸ்டார் முனைகளில் எழும் பொறி அணைவதும் அந்தப் பூச்சியத்தில்தான். ஆக நீங்கள் பிரித்துப் பார்க்கப்போவது 5, 10, 50 என்ற எண்களை. ஒரு மில்லி செக்கன் வரை சரியாகச் சொல்லும் கருவி தாராளம்.

ஆர்டுயினோ யூனோ 4 மைக்ரோ செக்கன் படியில் எண்ணும். அது போதும். லொஜிக் அனலைசர் மலிவுதான், மேசையில் நல்ல உதவி, ஆனால் கணினி இல்லாமல் ஓடாது. பிக்கோ என்ற இன்னொரு போர்ட் இன்னும் வேகமானது. அதன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா என்பதால் இந்த வேலைக்கு நான் சொல்லமாட்டேன்.

செக்கனுக்கு 1,000 தடவை வாசித்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள். எட்டு மணி நேர ஷிப்டுக்கு அது 2 கோடி 88 லட்சம் வரி. நிலை மாறும் கணத்தை மட்டும் எழுதினால் ஓர் இரவுக்குச் சில நூறு வரிதான், கொப்பியில் வைத்தே பார்க்கலாம். யூனோவின் கடிகாரம் அரைச் சதவீதம் வரை பிசகலாம். 50 மில்லி செக்கனில் அது கால் மில்லி செக்கன், பரவாயில்லை. ஆனால் ஒரு ஷிப்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் இரவில் மணி எத்தனை என்று குறிக்க டிஎஸ்3231 கடிகார மொடியூல் ஒன்று சேருங்கள். அது வருடத்துக்கே ஒரு நிமிடம் அளவுதான் பிசகும்.

இப்போது முக்கியமானது. கொன்டாக்டர் கொயிலின் 230 வோல்ட்டில் இருந்து சிக்னல் எடுக்க வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம். அதோடு கொயிலுக்குக் கரண்ட் வந்த நேரமும் முனைகள் ஒட்டிய நேரமும் ஒன்றல்ல, நடுவில் பத்து இருபது மில்லி செக்கன் போய்விடும். நீங்கள் தேடும் தவறே அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கும். மூன்று கொன்டாக்டரிலும் சும்மா இருக்கும் 13-14 என்று எண் போட்ட துணை முனைகளைப் பாருங்கள். எட்டுப் பென்டோர்ச் பெட்டரியை வரிசையாகப் போட்டு 12 வோல்ட் எடுத்து, அந்த முனை வழியாக, 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றோடு பிசி817 ஆப்டோகப்ளருக்கு (வயர் தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சின்னப் பாகம்) கொடுங்கள். போர்டுக்குத் தனி பெட்டரி, எமர்ஜன்சி லைட்டில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி போதும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டரி என்றால் ஆப்டோ போட்டதே வீண். பவர் பேங்க் வேண்டாம். இவ்வளவு குறைந்த கரண்டுக்குப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும், நடு இரவில் பதிவு நின்றுபோகும்.

ஒரு விடயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். இதே மாதிரிப் பெட்டி ஒன்று செய்து, சிக்னல் வந்த உடனேயே எஸ்டி கார்டில் எழுதும்படி வைத்தேன். டெல்டா 180 மில்லி செக்கன் பிந்துகிறது என்று காட்டியது. நம்பி டைமரைக் கழற்றிப் புதியது போட்டேன். அடுத்த நாளும் அதே எண். ரோலர் நின்ற இரண்டு நாளும் வாடிய கொழுந்து தரையில் கிடந்தது, பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிந்தியது டெல்டா இல்லை. கார்ட் சில நேரம் ஒரு வரி எழுதவே நூறு இருநூறு மில்லி செக்கன் எடுக்கும். புரோகிராம் அங்கே காத்து நிற்க, டெல்டா பிடித்த கணம் கண்ணில் படாமல் போயிருக்கிறது. நல்ல டைமரைக் குப்பையில் போட்டேன். நீங்கள் இன்டரப்டில் (சிக்னல் மாறிய உடனே மற்ற வேலையை நிறுத்தி ஓடும் புரோகிராம் பகுதி) நேரத்தை நினைவகத்தில் மட்டும் பிடித்து வையுங்கள். ஸ்டார்ட் முடிந்து அரை நிமிடம் கழித்துக் கார்டில் எழுதட்டும்.

முனைகள் ஒட்டும்போது ஒன்றிரண்டு மில்லி செக்கன் துள்ளும். அதை அழிக்காமல் அப்படியே பதியுங்கள், தேய்ந்த கொன்டாக்டர் கூடுதலாகத் துள்ளும். ரோலிங் அறை ஈரம் உங்களுக்குத் தெரியும், பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் கிடைக்கும், 15,000 ரூபாவில் மிச்சமும் வரும்.

வயர் கொடுக்கும்போது ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பியூஸ் போகும் இரவில் ஸ்டார் விட்டதற்கும் டெல்டா பிடித்ததற்கும் நடுவே எத்தனை மில்லி செக்கன் என்று எழுதி அனுப்புங்கள். 20க்குக் கீழே இருந்தால் அடுத்த இதழில், ஸ்டாரும் டெல்டாவும் ஒன்றாகப் பிடிக்காமல் தடுக்கும் இன்டர்லொக் வயரிங்கைப் பற்றி உங்களுக்காகவே எழுதுகிறேன்.