வாசகர் கேள்வி – பதில்: தங்கம் தோண்டியவர்களின் ஊரில் ஒரு சட்டத்தரணி

கேள்வி: அமெரிக்காவின் எல்லைப்புற ஊர்களில் முதன்முதலில் தொழில் செய்த சட்டத்தரணிகளுள் ஒருவரான ஸ்டீபன் ஃபீல்ட், அரசியலில் இறங்கிப் பின்னர் நாட்டின் உயர் நீதிமன்ற நீதியரசராகவும் இருந்தார் என்று படித்தேன். அரசியல்வாதியாக இருந்த ஒருவரால் நடுநிலையான நீதிபதியாக இருக்க முடிந்ததா?
– சட்ட மாணவி, உவர்மலை, திருகோணமலை

பதில்: சில வேளைகளில் முடிந்தது, சில வேளைகளில் முடியவில்லை. 1816இல் பிறந்த ஃபீல்ட், நியூயோர்க்கில் அண்ணனுடன் செய்துவந்த தொழிலை விட்டு, 1849ஆம் ஆண்டின் கடைசியில் பத்து டொலருடன் கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கினார். அதில் ஏழு டொலர், பெட்டிகளைச் சுமந்து வந்தவர்களின் கூலிக்கே போயிற்று. அடுத்த மாதம் மேரிஸ்வில் என்ற புத்தம் புதிய ஊருக்குப் போனவரை, அங்கிருந்தோர் சில நாட்களுக்குள் 'அல்கால்டே' ஆகத் தெரிவு செய்தனர். மெக்சிக்கோ ஆட்சிக் காலத்திலிருந்து தொடர்ந்த அப்பதவியில் நீதவானின் அதிகாரமும் ஊர்த்தலைவரின் அதிகாரமும் ஒருவர் கையிலேயே இருந்தன. சிறைச்சாலை இல்லாத அந்த ஊரில், தங்கம் திருடியவனைக் கூட்டம் தூக்கில் போட்டுவிடும் என்று அஞ்சி அவர் கசையடி விதித்தார். கொடிய தண்டனைதான், ஆனால் அதனால் அவன் உயிர் தப்பியது.

அதே ஆண்டில், டேர்னர் என்ற மாவட்ட நீதிபதியோடு நீதிமன்றத்திலேயே மோதியதால், ஃபீல்டுக்கு 48 மணி நேரச் சிறையும் தொழில் தடையும் கிடைத்தன. மாநில உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. ஆனால் அவரோ சட்டசபைக்குப் போட்டியிட்டு வென்று, நீதிமன்ற எல்லைகளை மாற்றும் சட்டத்தைக் கொண்டுவந்து, டேர்னரை வடக்கே யாரும் விரும்பாத மலைப்பகுதிக்கு அனுப்பிவைத்தார். சொந்தப் பகையைச் சட்டசபையில் தீர்த்துக்கொண்ட இச்செயலை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

எனினும் அவருடைய மிகச் சிறந்த பணியும் அதே சட்டசபையில்தான் நிகழ்ந்தது. அரசாங்கக் காணியில் தங்கம் தோண்டியவர்கள், ஒருவருக்கு எவ்வளவு நிலம், எத்தனை நாள் வேலை செய்யாவிட்டால் உரிமை போகும் என்பவற்றையெல்லாம் தமக்குள் கூடிப்பேசி வகுத்திருந்தார்கள். குழிக்குள் ஒரு மண்வெட்டி கிடந்தாலே அது வேறொருவருடைய இடம் என்று பிறர் விலகிப்போவார்கள். நமது கரைவலைத் தொழிலாளர், யாருடைய வலை எந்தப் பாட்டில் (வலை இழுக்கும் கரைப்பகுதியில்), எந்த முறையில் இறங்குவது என்பதை வழக்கப்படி தீர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரசியலமைப்புக்கும் மாநிலச் சட்டங்களுக்கும் முரண்படாதவரை இவ்வழக்கங்களை நீதிமன்றம் ஏற்று, அவற்றின்படியே சுரங்க உரிமை வழக்குகளைத் தீர்க்க வேண்டும் என்ற விதியை 1851இல் சட்டத்தில் சேர்த்தவர் ஃபீல்ட். வந்த புதிதில் மேரிஸ்வில்லில் அந்த மனிதர்களோடு வாழ்ந்திராவிட்டால் அவருக்கு இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

1857இல் மாநில உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாகச் சென்றார். 1863இல், ஃபீல்டின் கட்சிக்கு எதிரான கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி லிங்கன் அவரை நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தார். 34 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

நடுநிலை பற்றிய உங்கள் கேள்விக்கு இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படியுங்கள். கைதிகளின் தலைமுடியை ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டும் சான் பிரான்சிஸ்கோ நகர விதி, சடை வளர்த்த சீனரை அவமதிப்பதற்கென்றே ஏற்பட்டது என்று கூறி, ஊரே எதிர்த்து நின்றபோதும், 1879இல் அவர் அதைச் செல்லாததாக்கினார். ஜனாதிபதி வேட்பாளராகும் ஆசை மனதில் இருந்த காலத்தில் அப்படித் தீர்ப்பளித்தது துணிவுதான். ஆனால் 1889இல், திரும்பி வரலாம் என்ற அரசாங்கச் சான்றிதழுடன் தாயகம் சென்ற சீனத் தொழிலாளி ஒருவர் துறைமுகத்தில் தடுக்கப்பட்டபோது, அச்சான்றிதழை வெறும் காகிதமாக்கிய சட்டம் செல்லும் என்ற தீர்ப்பை எழுதியவரும் இதே ஃபீல்ட்தான்.