கார் வேகப் பலகையை எப்படி வாசிக்கிறது? கராஜ் பாஸின் கேள்வி–பதில்

2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஹைபிரிட் பற்றரி, கியர் ஒயில், "ஏசி குளிருதில்லை" என்றுதான் எழுதுவார்கள். இப்போது கமரா, ராடர், திரையில் வரும் படங்கள். இந்த முறை அந்த வகைக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒயில் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, ஜப்பானில் இருந்து வந்த கார் ஒன்றை எடுத்தோம். வேகப் பலகையின் படம் டாஷ்போட்டில் வரும். கந்தளாய் போகும்போது சில இடத்தில் 50 காட்டும், சில இடத்தில் ஒன்றுமே வராது, ஒருநாள் 30 என்று வந்து கனதூரம் நின்றது. பிரான்சில் இருக்கிற அண்ணாவின் கார் பலகையைக் கண்டதும் தானே வேகத்தைக் குறைக்குமாம். கார் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்கட கார் மட்டும் ஏன் இப்படி? – ஆசிரியை, உவர்மலை

டீச்சர், முதலில் இரண்டு வேலையைப் பிரித்துவிடுவோம். எத்தனையில் ஓடுகிறோம் என்பது காருக்குத் தெரிவது ஒன்று. எத்தனையில் ஓடலாம் என்பது தெரிவது வேறொன்று. முதலாவதற்குச் சில்லுகளில் உள்ள சென்சர்கள் போதும். குரூஸ் கொன்ட்ரோல் பிறந்ததே அந்த அறிவை மட்டும் வைத்துத்தான். அதற்கு 1950இல் காப்புரிமை பெற்றவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கர். சிறுவயதிலேயே கண்பார்வை இழந்த மனிதர்! 1958இல் கிறைஸ்லர் கார்களில் அது வந்தது. நீங்கள் 70 என்று வைத்தால் 70இல் பிடித்துக்கொள்ளும். அந்த வீதியில் 50தான் சட்டம் என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது வேலைக்குக் காரிடம் இரண்டு வழிதான் உண்டு: கண்ணால் பார்ப்பது, அல்லது மப்பில், அதாவது வீதி வரைபடத்தில், தேடுவது.

கண் எங்கே என்றால், பின்பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் விண்ட்ஸ்கிரீனோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் உள்ள கமரா செக்கனுக்குப் பல படம் எடுத்தபடி இருக்கும். படத்துக்குள் சிவப்பு வளையம் ஏதும் தெரிகிறதா என்று தேடும். கிடைத்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, சரிந்து தெரிந்தால் நிமிர்த்தி, உள்ளே இருக்கும் இலக்கம் என்ன என்று பார்க்கும். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பலகைப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் அது. ஒரு படத்தை நம்பி முடிவு சொல்லாது. அடுத்தடுத்த படங்களிலும் அதே இலக்கம் வந்தால்தான் டாஷ்போட்டுக்கு அனுப்பும்.

எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய சின்னப் பிள்ளை பஸ்ஸில் போகும்போது கண்ட கண்ட போர்டையெல்லாம் சத்தமாக வாசிக்குமே, இதுவும் அப்படித்தான். வாசிக்கத் தெரியும், யாருக்கு எழுதியது என்று தெரியாது. பிரான்சில் லொறிகளின் பின்பக்கம் 80, 90 என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அந்த லொறி ஓடக்கூடிய ஆகக்கூடிய வேகம் அது. பின்னால் வரும் கார் அதை வீதிச் சட்டமென்று வாசித்த கதைகள் உண்டு. கிளை வீதிக்கு வைத்த பலகையைப் பிரதான வீதிக்கு என்று எடுத்துக்கொள்வதும் நடக்கும்.

உங்கள் 30 அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன். கண்டி வீதியில் பாலம்போட்டாறு, முள்ளிப்பொத்தானைப் பக்கம் வேலை நடக்கும்போது கொன்ராக்காரர் ஒரு 30 பலகை நட்டிருப்பார். வேலை முடிந்து, தார் காய்ந்து, றோலரும் போய்விடும், பலகை நிற்கும். நீங்களும் நானும் பார்த்தால் "அது அந்த நேரத்துப் பலகை" என்று விட்டுவிடுவோம். கமராவுக்கு அந்த நியாயம் தெரியாது. அடுத்த பலகை வரும்வரை, அல்லது நீங்கள் ஒரு சந்தியில் திரும்பும்வரை, அல்லது குறிப்பிட்ட தூரம் ஓடும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு அழித்துவிடும். "ஒன்றுமே வராது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் காரணம் இதுதான். வாசித்தது பழசாகிவிட்டது, புதிதாக வாசிக்கப் பலகை இல்லை.

இன்னொன்று. உங்கள் கார் ஜப்பான் வீதிக்குச் செய்தது. அங்கே வேகப் பலகை வெள்ளைத் தட்டு, சிவப்பு வளையம், நடுவில் இலக்கம் *நீல* நிறம். எங்கள் பலகையில் இலக்கம் கறுப்பு. வளையம் ஒரே மாதிரி என்பதால் பல கார்கள் இங்கேயும் வாசித்துவிடுகின்றன, ஆனால் எல்லாம் அல்ல, எப்போதும் அல்ல. அதிலும் நிலாவெளி வீதிப் பக்கம் உப்புக்காற்றும் வெயிலும் தின்ற பலகை என்றால் சிவப்பு வெளிறி ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். அதன் நடுவில் ரியூஷன் நோட்டீஸும் ஒட்டியிருந்தால் மனிதருக்கே கஷ்டம்.

மப்பு வழியைப் பார்ப்போம். மப்புக் கொம்பனிகள் கமரா பூட்டிய வண்டிகளை ஓடவிட்டு, வீதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை கிலோமீற்றர் என்று பதிந்து வைக்கின்றன. கார் ஜிபிஎஸ் மூலம் தான் நிற்கும் துண்டைக் கண்டுபிடித்து அதன் இலக்கத்தை எடுக்கும். ஐரோப்பாவில் கமரா சொல்வதையும் மப்பு சொல்வதையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெரும்பாலான கார்கள் முடிவெடுக்கின்றன. பலகை மரத்தின் பின்னால் மறைந்தால் மப்பு கைகொடுக்கும், மப்பு பழசானால் கமரா திருத்தும்.

பலகையே இல்லாத சட்டங்களுக்கும் மப்பு வேண்டும். பிரான்சில் ஓர் ஊரின் பெயர்ப்பலகையைத் தாண்டினால் வேகம் 50 ஆகிவிடும். அந்தப் பலகையில் 50 என்ற இலக்கம் எங்கேயும் இருக்காது. அங்கே அதிவேகப் பாதையில் வெயிலுக்கு 130, மழைக்கு 110. பரிஸ் நகரத்துக்குள் 2021 ஓகஸ்ட்டில் இருந்து பெரும்பாலான வீதிகளில் 30. இவ்வளவையும் கண்ணை மட்டும் நம்பிச் செய்ய முடியாது. எங்கள் சட்டமும் இப்படித்தான்: காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100, ஓட்டோவுக்கு 40. ஊர்மனை எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு இடத்திலும் பலகை வந்து சொல்லாது.

உங்கள் காரில் வந்த மப்பு எது? ஜப்பான் மப்பு. இங்கே திரையைப் போட்டால் ஜப்பான் எழுத்தில் எஸ்டி கார்ட் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தொல்லைக்காகவே எல்லாரும் அதைக் கழற்றிவிட்டு ஆண்ட்ரொயிட் பிளேயர் பூட்டுகிறார்கள். அதில் கூகுள் மப் அழகாக ஓடும், ஆனால் அதற்கும் காரின் மூளைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆகவே உங்கள் கார் இங்கே ஒற்றைக் கண்ணை மட்டும் நம்பி ஓடுகிறது.

அண்ணாவின் கார் விஷயத்தில் ஒரு திருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் இருந்து புதிதாகப் பதியும் ஒவ்வொரு காருக்கும் வேகம் கூடினால் எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயம். ஆனால் சத்தம் போட்டாலோ, பெடலை அதிரவிட்டாலோ சட்டத்துக்குப் போதும். சாரதி அதை மீறி மிதிக்கலாம், அணைத்தும் வைக்கலாம், அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது அது திரும்ப வந்துவிடும். தானே வேகத்தைக் குறைப்பது சட்டம் கேட்டதல்ல. கொம்பனி தன் குரூஸ் கொன்ட்ரோலோடு அந்த இலக்கத்தை இணைத்துவிட்டிருக்கிறது. சில கார்கள் "50 ஆக்கட்டுமா?" என்று கேட்டு, பொத்தானை அமத்தினால்தான் குறைக்கும். சில கேட்காமலே குறைக்கும். ஜப்பானில் இருந்து இங்கே வரும் பல மொடல்கள் இலக்கத்தைக் காட்டுவதோடு நிறுத்திவிடும், குரூஸில் கைவைக்காது.

என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு அதுதான் நல்லது. அந்த 30 பலகைக்குக் கார் தானே பிரேக் போட்டிருந்தால், பின்னால் வந்த கொழும்பு பஸ் என்ன செய்திருக்கும்?

பாஸ், புதுக் கார். எடுத்துக் கொஞ்ச நாளிலேயே "கமரா வேலை செய்யவில்லை" என்று எழுத்து வருகிறது. பலகைப் படமும் வருவதில்லை, குரூஸும் விழுவதில்லை. – வாசகர், உப்புவெளி

தம்பி, பத்திரகாளி அம்மன் கோயிலில் வாகனப் பூசை செய்தீர்களா?

பகிடிக்குக் கேட்கவில்லை. இதே முறைப்பாட்டோடு வந்த ஒருவரின் காரைப் பார்த்தேன். கண்ணாடியில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம், மிகச் சரியாகக் கமராவின் முன்னால். அது காய்ந்து பொருக்காகி இருந்தது. பின்பார்க்கும் கண்ணாடியில் தொங்கிய மாலையின் நார் வேறு கமராவுக்குக் குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, மாலையைக் கழற்றி, ஒருதரம் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினோம். எழுத்துப் போய்விட்டது. சந்தனத்தை பொனற்றில் வையுங்கள், அம்மன் குறை நினைக்கமாட்டா. "முருகன் துணை" ஸ்டிக்கரும் கண்ணாடியின் நடு உச்சியில் வேண்டாம், ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால், விண்ட்ஸ்கிரீன் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். கமரா அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இருப்பதால், மாற்றினால் திரும்பக் கோணம் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஸ்கானரும், சில மொடலுக்கு முன்னால் நிறுத்தும் குறித்தட்டும் வேண்டும். கண்ணளவில் செய்யும் வேலை அல்ல; "சும்மா பூட்டினால் சரி" என்று சொல்பவரிடம் விடாதீர்கள்.

பலகையில் யாரும் சின்ன வேலை செய்து காரை ஏமாற்ற முடியுமா? – மாணவன், கோணேசபுரி வளாகம்

முடிந்திருக்கிறது. 2020 பெப்ரவரியில் மக்கஃபி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மணிக்கு 35 மைல் என்ற பலகை. அதில் 3இன் நடுக்கோட்டைக் கறுப்பு ரேப்பால் இரண்டு அங்குலம் நீட்டினார்கள், அவ்வளவுதான். 2016 மொடல் டெஸ்லாவில் இருந்த, மொபைல்ஐ என்ற கொம்பனியின் கமரா அதை 85 என்று வாசித்தது. குரூஸ் அந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டத் தொடங்க, ஓட்டியவர் பிரேக் போட்டு நிறுத்தினார். புதிய கமராக்கள் அந்த ரேப்புக்கு ஏமாறவில்லை. மப்பும் சேர்ந்திருந்தால் "இந்த ஊர் வீதியில் 85 எப்படி?" என்று கேட்க ஓர் ஆள் இருந்திருக்கும். இங்கே செய்து பார்க்க நினைக்காதே மகன், பலகை அரசாங்கச் சொத்து.

குரூஸ் போட்டு வரும்போது மான், யானை குறுக்கே வந்தால் கார் பிடிக்குமா? – வாசகர், திருகோணமலை நகரம்

நம்ப வேண்டாம். முன்னால் போகும் வாகனத்தோடு இடைவெளி பார்க்கும் குரூஸில் பெரும்பாலும் இருப்பது 77 ஜிகாஹேர்ட்ஸ் ராடர். அதைப் பழக்கியிருப்பது உலோக வாகனங்களுக்கு. அசையாமல் நிற்கும் பொருட்களைப் பல கார்கள் வேண்டுமென்றே கணக்கில் எடுக்காமல் விடும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பாலத்துக்கும் பலகைக்கும் பிரேக் போட வேண்டிவரும். 2016இல் வொல்வோ மான், குதிரை போன்ற பெரிய மிருகங்களைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைத் தன் கார்களில் கொண்டுவந்தது, ஆனால் அது ஸ்வீடன் காட்டை மனதில் வைத்துச் செய்தது. இருட்டில், தூசி பூசிய சாம்பல் உடம்போடு அசையாமல் நிற்கும் யானை வேறு கணக்கு.

பிரட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் பஸ் நிலையம்வரை வந்து நிற்பவை. அந்த இடத்தில் குரூஸ் எதற்கு? ஹபரணையில் இருந்து கந்தளாய்வரை பொழுதுபட்ட பிறகு அணைத்துவிடுங்கள். திருகோணமலைக்காரருக்குக் குரூஸ் உண்மையில் உதவும் இடம் கொழும்பு போகும்போது குருநாகலில் ஏறி மீரிகமவில் இறங்கும் அதிவேகப் பாதைதான்.

கார் மீற்றரில் 70, போனில் 66. எது பிழை? – வாசகர், கிண்ணியா

இரண்டும் சரி, நானா. மீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க வாகன விதி. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்திலொரு பங்கும், அதற்கு மேல் 4 கிலோமீற்றரும்வரை. உண்மை 66 என்றால் 76வரை காட்டினாலும் விதிக்குள்தான். அதனால் கொம்பனிகள் எல்லாம் கொஞ்சம் கூட்டியே வைக்கின்றன. போன் ஜிபிஎஸ்ஸில் பார்ப்பதால் நேரான வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது அதுதான் உண்மைக்குக் கிட்ட. குரூஸை 70இல் வைத்தால் மீற்றரின் 70இல்தான் பிடிக்கும், அதாவது உங்களுக்கு 66.

ரயர் அளவு மாற்றினீர்களா என்று எழுதவில்லை. பெரிய ரயர் போட்டால் சில்லு ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீற்றர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். ரயரின் பக்கச்சுவரில் உள்ள இலக்கத்தையும், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையும் எழுதி அனுப்புங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.