சீகூர் பக்கம் ஓடையை வைத்து வழி பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

நீலகிரியின் வடசரிவில் இருக்கும் சீகூர் பீடபூமி மழை மறைவுப் பகுதி. முள்காடு, கோடையில் பாதி ஓடைகளில் வெறும் மணல். அங்கே திசை தெரிந்து நடப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணா, வறண்ட ஓடையை அடையாளமாக நம்பலாமா?

பதில்: தாராளமாக. தண்ணீரை நம்பாதீர்கள் தம்பி, பள்ளத்தை நம்புங்கள். சீகூர் ஆறு ஊட்டி மேட்டிலிருந்து கல்லட்டி அருவியாக விழுந்து, வடக்கே போய் மாயாற்றில் சேர்கிறது. சின்ன ஓடைகளும் பெரும்பாலும் அதே போக்குதான். மணல் காய்ந்து கிடந்தால் நடுவில் நிற்கும் பாறையைப் பாருங்கள். வெள்ளம் கொண்டுவந்த சருகும் குச்சியும் எந்தப் பக்கம் அடைந்து கிடக்கிறதோ, தண்ணீர் அந்தப் பக்கமிருந்து வந்தது.

கேள்வி: டோபோ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) சில ஓடைகள் நீலம், சில கருப்பு. ஏன்?

பதில்: நீலம் என்றால் தண்ணீர், கருப்பு என்றால் வறண்டது. ஆனால் சர்வே எடுத்த வருடத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள். நான் பார்ப்பது சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளை. அவை ஓடையைக் கடக்கும்போது மடங்கும், மடிப்பின் கூர்முனை மேட்டுப் பக்கம் காட்டும்.

கேள்வி: தூரத்திலிருந்தே தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா சார்?

பதில்: முடியும் அம்மா. காய்ந்த காட்டுக்கு நடுவே நீர்மருது, புங்கை, நாவல் என்று பச்சையாக ஒரு வரிசை ஓடும். பார்த்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள், யானையும் காட்டெருமையும் அதே தண்ணீருக்குத்தான் வரும். மேலே அவலாஞ்சி, முக்குர்த்தி பக்கம் வேறு கணக்கு. புல்வெளி மடிப்புகளில் சோலை, சோலைக்குள் ஊற்று. மரப்பெரணி தெரிந்தால் ஈரம் பக்கத்தில்தான். தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) அருகே ஓடை இருந்தால் கேட்காமல் இறங்கக் கூடாது, பால்மனைக்கு, அதாவது அவர்கள் புனிதமாகக் கருதும் பால் கூடத்துக்கு, எடுக்கும் நீரைத் தனியாக வைத்திருப்பார்கள்.

கேள்வி: ராஜஸ்தான் போகிறேன். வறண்ட ஓடை மணலில் கூடாரம் போடலாமா? மெத்தென்று இருக்குமே!

பதில்: வேண்டவே வேண்டாம். எங்கோ மேட்டில் பெய்யும் மழை, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். மாயாற்றிலும் இதே பயம் உண்டு, போதாததற்கு மின்நிலையத்தில் தண்ணீர் விட்டாலும் ஆறு ஏறும். மாயாற்றங்கரை ஊரான தெங்குமரஹாடாக்காரர்கள் ஆற்றைக் கடக்கப் பரிசலில் போவது சும்மா இல்லை.

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் ஊர் ஊற்று காணாமல் போய்விட்டதே?

பதில்: சுற்றிலும் கற்பூர மரமா (யூகலிப்டஸ்), சீகையா (வாட்டில் மரம்), புது போர்வெல்லா என்று முதலில் பாருங்கள். இடம் தெரியாமல் இதற்கு மேல் சொல்வது ஜோசியம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சீகூர் காட்டுக்குத் தனியாகப் போகலாமா?

பதில்: கூடாது. அது முதுமலைப் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் அந்தப் பக்கத்து இருளர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.