கோ சமுய் விமான நிலையம்: வடசென்னைக்காரர்கள் கேட்டதும் பதிலும்

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணே, பாங்காக்லேருந்து சமுய் தீவுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். அதுக்குப் போய் இவ்வளவு டிக்கெட்டா?

விமானமும் பாங்காக் ஏர்வேஸ் என்ற தாய்லாந்துக் கம்பெனியுடையது, ஓடுதளமும் அவர்களுடையது. 1989-ல் அவர்கள் சொந்தமாகக் கட்டிய நிலையம் அது. சென்னைத் துறைமுகம் அரசுடையது, காட்டுப்பள்ளித் துறைமுகம் தனியாருடையது இல்லையா, அந்த மாதிரிதான். ஆனால் காட்டுப்பள்ளிக்கு எந்தக் கம்பெனிக் கப்பலும் வரும். சமுயில் பெரும்பாலான விமானங்கள் நிலையத்துக்காரருடையவையே. தாய் ஏர்வேஸ் 2008-ல் வந்து 2018-ல் நிறுத்திக்கொண்டது. போட்டி இல்லாத இடத்தில் விலை இறங்காது.

இன்னொரு காரணம் ஓடுதளத்தின் நீளம். சுமார் 2,100 மீட்டர்தான். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளம் 3,600 மீட்டருக்கு மேல். அதனால் ஏ.டி.ஆர். 72, ஏர்பஸ் ஏ319, ஏ320 அளவு விமானங்களே வரும். முன்னூறு பேரை ஒரே நடையில் இறக்கிக் கட்டணத்தைக் குறைக்க வழியில்லை. தீவுவாசிகளின் தூக்கம் கருதி பின்னிரவில் இயக்கமும் கிடையாது.

ராயபுரத்திலிருந்து: பெட்டியை சென்னையில போட்டா சமுய்லதான் எடுக்கணுமா, பாங்காக்லயா?

பலர் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

சென்னை, பாங்காக், சமுய் மூன்றும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டியில் ஒட்டும் சீட்டில் யூ.எஸ்.எம். என்று இருக்க வேண்டும். அதுதான் சமுயின் குறியீடு. கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லோரோடும் பெரிய குடியேற்ற வரிசைக்குப் போகாதீர்கள். இணைப்பு விமானப் பலகையைப் பின்தொடர்ந்தால் அந்தப் பகுதியிலேயே பாஸ்போர்ட்டில் முத்திரை போடுவார்கள். சட்டையில் சி.ஐ.க்யூ. என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பிய்த்து எறியாதீர்கள்.

சமுயில் இறங்கியதும் அந்த ஸ்டிக்கர் உள்ளவர்கள் சர்வதேசப் பகுதிக்குப் போகணும். சுங்கச் சோதனை அங்கேதான், பெட்டியும் அங்கேதான் வரும். உடன் வந்த உள்நாட்டுப் பயணிகளோடு அடுத்த பெல்ட்டில் நின்றால் பெட்டி வரவே வராது. தொலைந்துவிட்டது என்று பதறுகிறவர்களில் பலர் இப்படி இடம் மாறி நின்றவர்கள்தான்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. பாங்காக்கில் குடியேற்றம் முடித்து, பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி, நான்காம் தளம் ஏறி மறுபடி செக்-இன். நாலு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. சென்னை விமானம் டான் முயாங்கில் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். அது வேறு நிலையம், நகரத்தின் மறுபக்கம்.

வியாசர்பாடியிலிருந்து: குறைந்த செலவில் போக வழி உண்டா சார்?

உண்டு. பாங்காக்கிலிருந்து, தீவுக்கு எதிர்க்கரைப் பக்கம் உள்ள சூரத் தானி ஊருக்கு விமானம். அது அரசு நிலையம், பல கம்பெனிகள் போகின்றன. அங்கிருந்து டொன்சாக் துறைக்குப் பேருந்து சுமார் ஒன்றரை மணி, பிறகு கார் ஏற்றும் படகு ஒன்றரை மணிக்கு மேல். காத்திருப்பையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். இருட்டிய பின் படகு கிடைப்பது சிரமம். மதியத்துக்குள் சூரத் தானியில் இறங்குங்கள். இணையத்தில் ‘கோ சமுய்’ என்று மலிவாகத் தெரியும் சில டிக்கெட்டுகள் உண்மையில் இந்தப் பேருந்தும் படகும் சேர்ந்தவை. குறியீடு யூ.ஆர்.டி. (URT) என்றிருந்தால் சூரத் தானி. குழந்தையும் பெரியவர்களும் உடன் வந்தால் இந்த வழி வேண்டாம் என்பேன்.

காசிமேட்டிலிருந்து: எந்த மாதம் போகலாம்?

நம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அங்கேயும், நவம்பரில் கொட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. தாய்லாந்தின் இன்னொரு தீவான பூக்கெட்டில் மழை அடிக்கும் ஜூலை, ஆகஸ்டிலும் சமுய் பெரும்பாலும் பரவாயில்லை.

தண்டையார்பேட்டை மறுபடி: சின்ன ஓடுதளம்னா பயமில்லையா?

மறைக்கக் கூடாது: 1990 நவம்பரில் கனமழையில் இறங்க வந்த டேஷ் 8 விமானம் விழுந்து அதிலிருந்த 38 பேரும் இறந்தார்கள். 2009 ஆகஸ்டில் ஒரு ஏ.டி.ஆர். ஓடுதளம் விட்டு விலகி, பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் மோதி விமானி இறந்தார். இரண்டிலும் மழை இருந்தது. மழையில் விமானம் இறங்காமல் வட்டமடித்தாலோ வேறு ஊருக்குத் திருப்பினாலோ கோபப்படாதீர்கள். அது சரியான முடிவு.

திருவொற்றியூரிலிருந்து: இறங்கின பிறகு?

ஏரோபிரிட்ஜ் கிடையாது. பக்கம் திறந்த டிராம் வண்டியில் கூரை வேய்ந்த முனையத்துக்குக் கூட்டிப்போவார்கள். சாவெங் கடற்கரை பதினைந்து நிமிடம். பகிர்வு வேனுக்கு உள்ளேயே கவுன்டர் உண்டு. டாக்சி என்றால் ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். டி.டி.ஏ.சி. எனும் தாய்லாந்து வருகைப் படிவத்தை வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

கிளம்பும்போது உங்களுக்கு விம்கோ நகர் மெட்ரோ வண்டி மாறாமல் நேரே விமான நிலையம் போகும். ஆனால் பாங்காக் விமானம் நள்ளிரவு தாண்டி இருந்தால் கடைசி வண்டியை நம்பாமல் இரவு ஒன்பதுக்கே ஏறிவிடுங்கள்.