ஆகாத ஆஸ்பிரினையே தினமும் விழுங்கச் சொல்கிறார்கள்: சம்மதிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருக்கிறேன். முப்பத்தைந்து வயதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. அதன்பின் ஓயாத மூக்கடைப்பு வந்தது. அடுத்த ஆண்டே மூச்சிழுப்பும் வந்தது. மூக்கினுள் சதை வளர்ந்திருப்பதாகச் சொல்லி இருமுறை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இரண்டு முறையும் சதை திரும்ப வளர்ந்துவிட்டது. மல்லிகைக்கும் கருவாட்டுக்கும் வாசனையில் வேறுபாடு தெரிவதில்லை. சென்ற ஆண்டு பல்வலிக்காக ஒரு கிளினிக்கில் கொடுத்த பொன்ஸ்டன் மாத்திரையை விழுங்கி முக்கால் மணி நேரத்தில் மூச்சடைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் கிடந்தேன். இப்போது ஈப்போவில் பார்க்கும் மருத்துவர், ஆஸ்பிரினையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கலாம் என்கிறார். என் மனைவி கூடவே கூடாது என்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள முடியுமா? ஆண்டுதோறும் விரதமிருந்து தைப்பூசத்துக்குக் கல்லுமலையில் காவடி எடுப்பவன் நான். அதற்குத் தடை வருமா?

பதில்: உங்கள் மனைவியின் அச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. மூச்சுக்குத் திணறும் கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடியவர் அவர். ஆயினும் எந்த ஏற்பாடும் இல்லாமல் முழு மாத்திரையை விழுங்குவதும், மருத்துவமனையில் மூச்சின் அளவைப் பார்த்துப் பார்த்து அதன் சிறு துண்டை விழுங்குவதும் ஒன்றல்ல. உங்கள் நோய்க்கு இந்தச் சிகிச்சை பொருந்தும் என்றே நினைக்கிறேன். உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு அது பொருந்துமா என்பதில்தான் நீங்களும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்துமா, மூக்கில் திரும்பத் திரும்ப வளரும் சதை, வலி மாத்திரை ஆகாமை ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதை 1922-இல் பாரிஸில் ஃபெர்னான் விடால் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். ஆஸ்பிரினைக் கொடுத்துப் பழக்கும் முறையையும் அவர்களே செய்து பார்த்தார்கள். 1968-இல் மேக்ஸ் சாம்டர் விரிவாக எழுதிய பிறகு அவர் பெயரே இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆகவே உங்கள் மருத்துவர் சொல்வது உங்களை வைத்துச் செய்யும் புதிய பரிசோதனை அன்று. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கும், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ பதினைந்து பேருக்கும் இந்நோய் இருக்கிறது. பெரும்பாலும் முப்பதுகளில், முதலில் மூக்கிலும் பிறகு நெஞ்சிலுமாகத் தொடங்கும். நீங்கள் எழுதியிருப்பதும் அதே வரிசைதான்.

இறால் சாப்பிட்டுத் தடிப்பு வருவது போன்ற ஒவ்வாமை இதுவல்ல. நம் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களை உண்டாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஆஸ்பிரின் வலியைக் குறைப்பது அந்த நொதியை அடைப்பதால்தான் என்பதை ஜான் வேன் 1971-இல் காட்டினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பொருள்களில் ஒருவகை, மூச்சுக்குழாயை இறுக்கிச் சளியைப் பெருக்கும் லியூகோட்ரையீன்களுக்குக் கடிவாளமாக இருக்கிறது. உங்களைப் போன்றவர்களின் உடலில் லியூகோட்ரையீன்கள் ஏற்கெனவே மிகுதி. மாத்திரை அந்தக் கடிவாளத்தையும் அறுத்துவிடுகிறது. அதனால்தான் ஆஸ்பிரினைத் தொடாத உங்களுக்கு, அதே நொதியை அடைக்கும் பொன்ஸ்டனால் அந்த நிலை வந்தது. வோல்டரன், புருஃபென், சின்ஃபிளெக்ஸ், இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் கார்டிப்ரின் எல்லாம் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. இடுப்புப் பிடிப்புக்குப் போடும் வலி ஊசியும் பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும் என்பதால், என்ன மருந்து என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். சந்தையில் விற்கும் மூட்டுவலி ஜாமு தூள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்: அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பாக்கெட்டில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இல்லாத எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். காய்ச்சலுக்கோ தலைவலிக்கோ ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் பெனடோல் (பாராசிட்டமால்) பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரே வேளையில் இரண்டு மாத்திரைகளாகப் போடும்போதுதான் சிலருக்குச் சிக்கல் வருகிறது.

இனி சிகிச்சை. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும்போது மட்டுமே இதைத் தொடங்குவார்கள். ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை வேகமாக ஊத முடிகிறது என்று அளந்து, உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் உரிய அளவில் 70 விழுக்காடாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே புகைமூட்ட மாதங்களில் நெஞ்சு இரைந்துகொண்டிருக்கும்போது தேதி வாங்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு வாயில் வைத்து இழுக்கும் வழக்கமான பம்ப்பை நிறுத்தக் கூடாது. மொண்டெலுகாஸ்ட் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவைப்பார்கள். வரப்போகும் தாக்கம் நெஞ்சில் இறங்காமல் மூக்கோடு நிற்க அது உதவும். பிறகு 20 முதல் 40 மில்லிகிராம் அளவில் ஆஸ்பிரினைத் தொடங்கி, ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேர இடைவெளியில் 300 அல்லது 325 மில்லிகிராம்வரை உயர்த்துவார்கள். நடுவில் எங்கோ ஓரிடத்தில் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நெஞ்சு இறுகத் தொடங்கும். அது வர வேண்டியதுதான். மருந்து கொடுத்துத் தணித்துவிடுவார்கள். உடல் அமைதியானதும் எந்த அளவு தொந்தரவு கொடுத்ததோ அதே அளவைத் திரும்பக் கொடுப்பார்கள். இம்முறை பெரும்பாலும் ஒன்றும் நேராது. நான் பார்த்த நோயாளிகள் பலருக்கு நம்பிக்கை பிறந்தது அந்த இரண்டாவது விழுங்கலின்போதுதான். முழுதும் முடிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்வந்த உங்களுக்கு, அந்தப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் படுக்கையில் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். தோட்டத்து டிரெசரிடமோ தெருமுனைக் கிளினிக்கிலோ செய்யும் காரியமில்லை. வீட்டில் மாத்திரையை உடைத்துத் தாமே முயன்று பார்ப்பதை நினைக்கவும் வேண்டாம்.

அந்த மூன்று நாளுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் நீங்கள் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் பலருக்கு 650 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் கொடுப்பார்கள்; சில மாதங்களில் நிலைமையைப் பார்த்துப் பாதியாகக் குறைக்கலாம். சில வாரங்களில் மூக்கு திறக்கும். வாசனை திரும்பும் வாய்ப்பும் உண்டு. சதை மெதுவாக வளரும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கான தேவை குறையும். பயன் உண்டா இல்லையா என்பதை ஆறு மாதத்தில் தீர்மானித்துவிடலாம். ஆனால் இந்தப் பழக்கம் மாத்திரை தொடரும்வரைதான். நிறுத்தினால் இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் உடல் பழைய நிலைக்குப் போய்விடும். கடைசி மாத்திரைக்குப் பின் 48 மணி நேரம் கடந்துவிட்டால் அடுத்த மாத்திரையை வீட்டில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் பொன்ஸ்டன் அன்று செய்ததை ஆஸ்பிரின் செய்யும். மருத்துவமனைக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே வீட்டில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று, தோட்ட அலுவலக மேசையில் ஒன்று என மூன்று இடங்களில் மாத்திரை இருக்கட்டும். ஊர்த் திருவிழா, உறவினர் சாவு, கிளந்தான் பயணம் போன்ற நாள்களில்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு சிக்கல் டிங்கி. அந்தக் காய்ச்சலில் ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் உடனே நிறுத்தியாக வேண்டும். செம்பனைக் காட்டில் கொசுக்கடியோடு வேலை செய்யும் ஒருவருக்கு இது ஏட்டில் மட்டும் இருக்கும் எச்சரிக்கை அன்று. காய்ச்சல் கண்ட முதல் நாளே இரத்தப் பரிசோதனைக்குப் போய், ‘நான் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டிங்கி என்றால் நிறுத்திவிட்டு, குணமான பிறகு திரும்பப் பழக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வயிறு. இந்த அளவு ஆஸ்பிரினை வயிறு எளிதில் பொறுக்காது. முன்பு குடற்புண்ணோ இரத்த வாந்தியோ இருந்திருந்தால் ஈப்போ மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதை வைத்தே அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்தைக் கூடவே கொடுப்பார்கள். மலம் தார்போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தைப்பூச விரதத்தைப் பொறுத்தவரை, பகலெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்து ஒருவேளை உண்ணும் முறை இந்த மாத்திரைக்கு ஒத்துவராது. சைவ உணவை இருவேளையாகப் பிரித்து உண்டு, உண்டதும் மாத்திரையைப் போடுங்கள். காவடியைத் தோளில் ஏற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. அலகு குத்துவது வேறு. ஆஸ்பிரின் உடலில் இருக்கும்போது இரத்தம் எளிதில் நிற்காது. அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். பீரோ சம்சுவோ பழக்கமிருந்தால் அதற்கும் இதே பதில்தான். இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மது உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் மூக்கடைத்துக்கொள்ளும், கூடவே வயிற்றுப் புண்ணும் வளரும்.

உங்கள் மூக்குச் சதை இப்போது மீண்டும் வளர்ந்திருப்பதால் வரிசை முக்கியம். ஆஸ்பிரின் புதிய வளர்ச்சியைத் தடுக்கும்; இருக்கும் சதையைக் கரைப்பதில் அதற்குத் திறமை குறைவு. முதலில் அறுவைச் சிகிச்சையில் அதை அகற்றிவிட்டு, புண் ஆறிய சில வாரங்களுக்குள் பழக்கத்தைத் தொடங்குவதே நல்லது. முந்தைய இரண்டு அறுவைகளுக்குப் பின் இந்தப் படி இல்லாமல் போனது உங்கள் துரதிர்ஷ்டம். மாத்திரையைத் தவறாமல் விழுங்க முடியாது என்றோ வயிறு இடம் கொடுக்காது என்றோ தோன்றினால், டுப்பிலுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. மூக்குச் சதைக்கும் நல்ல பலன் தருகிறது. ஆனால் அதன் விலை தோட்டச் சம்பளத்துக்கு எட்டாதது. ஆஸ்பிரினுக்கு ஆகும் செலவு ஒரு நாளைக்குச் சில காசுதான். அரசாங்க மருத்துவமனையில் ஊசிக்கு வழியுண்டா என்று கேட்பதில் தவறில்லை.

எந்த வழியில் போனாலும் பம்ப்பை நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினுக்கு உறவான பொருள் இருக்கிறதே என்று தைலத்துக்கும் சில உணவுகளுக்கும் அஞ்ச வேண்டாம்: தைலத்தைச் சிறிதளவு நெற்றியில் தேய்த்துக்கொள்ளலாம். கறித்தூளையும் தக்காளியையும் ஒதுக்க வேண்டியதில்லை.

பணப்பையில், அடையாள அட்டைக்குப் பக்கத்தில், மலாயில் எழுதிய சிறு அட்டை ஒன்றை இன்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஆஸ்பிரினும் மற்ற வலி மாத்திரைகளும் ஆகாது என்று ஒரு வரி போதும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் அந்த அட்டையைக் கிழித்துவிட்டு, தினமும் எவ்வளவு ஆஸ்பிரின் எடுக்கிறீர்கள், எந்த மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது, 48 மணி நேரம் கடந்தால் மருத்துவமனைக்கு வெளியில் கொடுக்கக் கூடாது ஆகிய மூன்றையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பிரதி ஒன்று உங்கள் மனைவியிடமும் இருக்கட்டும்.